இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அசைன்மென்ட் மதிப்பெண்ணுக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பே வரவில்லையா?

ஒட்டுறவுக் கெழு (இரண்டு மதிப்பெண்களும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) 0.1 வந்ததை மட்டும் வைத்து அசைன்மென்ட் பயனில்லை என்று ஆய்வில் எழுதிவிடாதீர்கள். அங்கே பெரும்பாலான படிப்புகளில் மொத்த மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வுக்கு 70. அசைன்மென்டில் எல்லாருக்கும் 70-க்கும் 80-க்கும் நடுவிலேயே மதிப்பெண் விழுந்திருந்தால், தேர்வில் யார் முந்துவார் என்று அது எப்படிக் காட்டும்? வீச்சு குறுகினால் கெழுவும் சுருங்கிவிடும்.

முதலில் அசைன்மென்ட் மதிப்பெண்ணின் திட்ட விலக்கத்தைப் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) பாருங்கள். அப்புறம் ஸ்டடி சென்டர் வாரியாகச் சிதறல் வரைபடம் போடுங்கள்: ஒரு மாணவருக்கு ஒரு புள்ளி, கிடை அச்சில் அசைன்மென்ட், செங்குத்து அச்சில் தேர்வு. ஒரு சென்டரின் புள்ளிகள் எல்லாம் 75-ஐ ஒட்டிச் செங்குத்தாக நின்றால் சிக்கல் அங்கே அசைன்மென்டைத் திருத்தி மதிப்பெண் போட்டதில் இருக்கலாம்.

ஒன்று கவனம்: தேர்வுக்கே வராதவர்கள் உங்கள் கோப்பில் 0 என்று இருந்தால் மொத்தக் கணக்கும் கெட்டுப்போகும். அவர்களை நீக்கலாம்; ஆனால் பிறகு கடைசிவரை நின்றவர்களைப் பற்றி மட்டுமே பேச முடியும்.