அசைபடத்துக்கு ஜிஃப் (GIF) போதுமா, ஏபிஎன்ஜி (APNG), வெப்பி (WebP) போன்ற வடிவங்களுக்கு மாற வேண்டுமா?

கோப்பின் அளவும் குறைய வேண்டும், படத்தின் தரமும் கெடக்கூடாது, எந்த வடிவத்தில் சேமிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பாடத்துக்கு அசைபடங்கள் செய்து மாணவர்களின் கைப்பேசிகளுக்கு அனுப்பி வருகிறேன். படத்தில் அசைவது கோட்டோவியமா, கமராவில் பிடித்த காட்சியா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இரணைமடுக் குளத்துத் துருசு (மதகு) திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் பாய்வதை ஐந்தாறு நிறங்களில் வரைந்தபோது, 1987இல் வெளிவந்த ஜிஃப் வடிவமே எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு சட்டகத்தில், அதாவது அசைபடத்தில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றில், 256 நிறங்களுக்கு மேல் அதனால் வைத்திருக்க முடியாது. ஆனால் அதன் எல்இசட்டபிள்யூ சுருக்கமுறை, திரும்பத் திரும்ப வரும் புள்ளி வரிசைகளை எதையும் இழக்காமல் சுருக்குவதால், தட்டையான நிறப்பரப்புகள் மிகச் சிறிதாகிவிடுகின்றன. மாறாத பின்னணியை விட்டுவிட்டு, அசையும் செவ்வகத்தை மட்டும் அடுத்த சட்டகத்தில் சேமிக்கவும் முடியும்.

மாரி மழையில் வான்கதவுகளைத் திறந்தபோது எடுத்த காணொளியை அதே வடிவத்துக்கு மாற்றியபோதுதான் சிக்கல் வந்தது. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட ஒரு சட்டகம், புள்ளிக்கு ஒரு பைட் என்றாலே 300 கிலோபைட். நொடிக்குப் பத்துச் சட்டகமாக ஐந்து நொடிக்கு ஏறக்குறைய 15 மெகாபைட். நுரைத்துப் பாயும் கலங்கல் நீரில் ஒரே மாதிரியான வரிசை எங்கே இருக்கிறது, சுருக்குவதற்கு? நிறப்பஞ்சத்தை மறைக்க மென்பொருள் தூவும் புள்ளிகள், இருக்கிற ஒழுங்கையும் குலைத்துக் கோப்பை மேலும் பெருக்கிவிடுகின்றன. டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் பிள்ளைக்கு அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அத்தகைய காட்சிக்கு ஒலி நீக்கிய எம்பி4 காணொளியே தகுந்தது. அடுத்தடுத்த சட்டகங்களுக்கிடையே எது எங்கே நகர்ந்தது, என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும் உத்தி அதில் உண்டு. கூகுள் 2010இல் அறிமுகப்படுத்திய வெப்பி, ஜிஃப்பை விடப் பெரும்பாலும் சிறிதாகவே வரும். எனினும் அதன் அசைபடத்தில் இந்த நகர்வுக் கணிப்பு இல்லை. அதைவிடப் புதிய படவடிவமான ஏவிஐஎஃப்பில் (AVIF) உண்டு, ஆனால் பழைய கைப்பேசிகள் பல அதைத் திறக்கமாட்டா.

பிஎன்ஜி படவடிவத்தின் அசையும் வகையான ஏபிஎன்ஜியை நான் நாடுவது ஓரங்களுக்காக. ஜிஃப்பில் ஒரு புள்ளி முழுதும் தெரியும், அல்லது முழுதும் மறையும். அதனால் வெண்பின்னணிக்கென்று செய்த படத்தைக் கரும்பலகை நிறத்தின் மேல் வைத்தால் விளிம்பில் வெள்ளையோடு கலந்த புள்ளிகள் பிசிறாக நிற்கும். ஏபிஎன்ஜியில் ஒளிபுகும் தன்மைக்கு 256 படிகள் உள்ளன, நிறமும் இழக்காது. 2017இல் குரோமும் அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய உலாவிகளில் தடையில்லை, ஆனால் கோப்புக் கனக்கும்.

எதைத் தேர்ந்தாலும், மூலச் சட்டகங்களைப் பிஎன்ஜியாக வைத்திருங்கள். ஜிஃப்பில் தொலைந்த நிறத்தை வேறெந்த வடிவத்துக்கு மாற்றினாலும் திரும்பப் பெற முடியாது.