நீதியரசராக வர எந்தக் கோர்ஸ்?

வெள்ளவத்தையிலிருந்து மகளைக் கூட்டிவந்த அம்மாவுக்கு,

சனிக்கிழமை வந்ததும் வராததுமாக நீங்கள் கேட்டது, "உயர் நீதிமன்ற நீதியரசராக வர எந்தக் கோர்ஸ் படிக்க வேணும்?" என்று. அன்றைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்ததால் சரியாகக் கதைக்க முடியவில்லை.

உயர் நீதிமன்றம் என்பது இலங்கையின் ஆக மேலான நீதிமன்றம். அதற்கென்று ஒரு கோர்ஸ் கிடையாது. விண்ணப்பம் போட்டு எடுக்கிற வேலையும் இல்லை. ஜனாதிபதி பெயரை முன்வைப்பார். அரசியலமைப்புப் பேரவை என்ற குழு அங்கீகரித்தால்தான் நியமனம். பிரதம நீதியரசரையும் சேர்த்து அதிகபட்சம் 17 பேர். 2020இல் 20ஆவது திருத்தம் வரும்வரை 11தான். அமெரிக்காவில்போல ஆயுள் முழுக்க இருக்கவும் ஏலாது, 65 வயதில் ஓய்வு. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 63.

இந்த வயதுக் கணக்கை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சி.வி. விக்னேஸ்வரன் ஐயாவைப் பாருங்கள். 1979இல் நீதவானாக (மாஜிஸ்திரேட்) தொடங்கி, மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறி, 2001இல் உயர் நீதிமன்றம் போனார். 2004இல் ஓய்வு. ஏறியது 22 வருடம், இருந்தது மூன்றரை வருடம்! பிரதம நீதியரசராக இருந்த ஸ்ரீபவன் வந்தது வேறு வழி, அரசாங்கத்துக்காக வழக்காடும் சட்டமா அதிபர் திணைக்களத்தினூடாக. ஷிராணி பண்டாரநாயக்க கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தவர், 1996இல் அங்கிருந்து நேராகவே உயர் நீதிமன்றம் போனார். ஆனால் அது அபூர்வம்; அதை நம்பிப் பிள்ளையைச் சட்டம் படிக்க விடாதீர்கள்.

எந்த வழியானாலும் சட்டத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். உயர்தரத்துக்குப் பிறகு கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் எங்காவது சட்டப் பட்டம், அல்லது நுழைவுப் பரீட்சை எழுதிக் கொழும்பு புதுக்கடையில் உள்ள சட்டக் கல்லூரி. பட்டம் எடுத்தாலும் சட்டக் கல்லூரிப் பரீட்சையையும் பயிற்சியையும் முடித்தால்தான் சட்டத்தரணி. அப்புறம் நீதிச்சேவை ஆணைக்குழு நீதவான் பதவிக்கு ஆட்களைக் கோரும்போது விண்ணப்பிக்கலாம். பிள்ளை கையில் இருப்பது அந்தப் படி வரைக்கும்தான். மேலே போவது அவள் எழுதப்போகும் தீர்ப்புகளையும், உண்மையைச் சொன்னால், அந்த நேரத்து அரசியலையும் பொறுத்தது.

பரீட்சை முடிந்ததும் ஒருநாள் புதுக்கடை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போங்கள். திறந்த நீதிமன்றத்தில் யாரும் போய் இருக்கலாம், தொலைபேசியை மட்டும் நிறுத்திவையுங்கள். தவணை போட்டே மத்தியானம் வரை ஓடுகிற வழக்குகளை அவள் பொறுமையாகப் பார்க்கிறாளா, இல்லை எப்போது போகலாம் என்று கேட்கிறாளா பாருங்கள். அடுத்த முறை வரும்போது அவளை மட்டும் உள்ளே அனுப்புங்கள். போன தடவை பிள்ளை ஒரு வார்த்தையும் பேசவில்லை.