சிகதேலா அறையை மாற்றுங்கள், ஊரை மாற்ற வேண்டாம்

கேள்வி: டல்லாஸில் வசிக்கிறோம். நான், மனைவி, 13 வயதில் மகன், 8 வயதில் மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா என ஐந்து பேர். ஜூலையில் ஒரு வாரம் மெக்சிகோவின் புவெர்ட்டோ எஸ்கோண்டிடோ போகலாம் என்றிருக்கிறோம். ஆரவாரமில்லாத ஊர், சர்ஃபிங்கும் கற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். மகன் சென்ற விடுமுறையில் கோவளத்தில் நான்கு நாள் பழகியிருக்கிறான். சிகதேலா கடற்கரையைப் பார்த்தபடி ஓர் அறை பிடித்து வைத்திருக்கிறோம். அம்மா சுத்த சைவம். இந்தத் திட்டம் சரிவருமா?

பதில்: ஊர் நல்ல தேர்வு. அறை தவறான கடற்கரையில் இருக்கிறது. பணத்தைத் திரும்பப் பெறும் கெடு முடிவதற்குள் அதை மாற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

புவெர்ட்டோ எஸ்கோண்டிடோ வஹாக்கா மாநிலத்தின் பசிபிக் கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் மலைக் காப்பியைக் கப்பலேற்றிய சிறு துறைமுகம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மதியம் வரை நடக்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஆனால் அந்த நிதானம் ஊருக்குத்தான், கடலுக்கு இல்லை. இங்கே பல கடற்கரைகள் அடுத்தடுத்து இருந்தாலும் ஒன்றின் குணம் மற்றதற்குக் கிடையாது. உங்களைப் போன்ற குடும்பத்துக்கு நான் எப்போதும் சொல்வது, முதலில் கடற்கரையை முடிவு செய்யுங்கள், அதற்கேற்ற அறையை அப்புறம் தேடுங்கள் என்பதுதான்.

சிகதேலா மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் திறந்த மணல். ஹவாயின் பைப்லைன் அலையோடு ஒப்பிட்டு ‘மெக்சிகன் பைப்லைன்’ என்று உலகமெங்கும் இதை அழைக்கிறார்கள். காரணம் கடலடியின் அமைப்பு. பல கடற்கரைகளில் தரை மெல்ல மெல்ல உயர்ந்து வருவதால், அலை கரையை எட்டுமுன் பாதி பலத்தை இழந்துவிடும். இங்கே ஆழ்கடல் கரைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. தென்பசிபிக்கின் புயல்களில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்த அலை, பலம் குறையாமல் திடீரென்று ஆழமற்ற மணல்மேட்டில் மோதி, குழாயாகச் சுருண்டு விழுகிறது. தென்கோளத்தின் குளிர்காலம்தான் அந்தப் புயல்களின் பருவம். அதாவது ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. நீங்கள் போகும் ஜூலை அதன் நட்டநடு. உலகின் தேர்ந்த வீரர்கள் பெரிய அலையைத் தேடி வரும் மாதத்தில், 8 வயதுக் குழந்தை காலை எழுந்து வாசலைத் தாண்டினால் அந்தத் தண்ணீரில்தான் நிற்கும்.

அலையை விட அதிகமாகப் பயப்பட வேண்டியது இழுப்பை. கரையில் வந்து குவிந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போக ஒரு வழியைப் பிடிக்கும். மணல்திட்டுகளுக்கு இடையே எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே ஓடை போல வேகமாக வெளியேறும். மேலே இருந்து பார்த்தால் அந்த இடத்தில் அலை உடையாது, நிறம் சற்றுக் கறுத்து அமைதியாகத் தெரியும். நுரையும் கலங்கிய மணலும் கடலை நோக்கி நகர்வதுதான் அடையாளம். விவரம் தெரியாதவர்கள் ‘இங்கேதான் அலை இல்லை’ என்று சரியாக அந்த இடத்திலேயே குழந்தையை இறக்குவார்கள். பிள்ளைகள் இருவருக்கும் இதைக் கரையில் உட்கார வைத்துக் காட்டிக் கொடுங்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. அதில்தான் தெம்பு போகிறது. மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அதோடு கரையேற வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் நனைக்கவும் வேண்டாம். சிகதேலாவில் மாலையில் மணலின் மேல்பகுதியில் உட்கார்ந்து, அலைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். அது அவ்வளவு அழகு, அந்தத் தூரத்திலிருந்து.

அப்படியானால் எங்கே பழகுவது? கரிசலியோ. பாறைகளுக்கு நடுவே வளைந்த சிறு குடா. ஊரில் முதல்முறை பலகை ஏறுபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தொடங்குகிறார்கள். உங்கள் மகளுக்கும் இதுவே இடம். ரின்கோனாடா பகுதியில் அறை எடுத்தால் நடந்தே போகலாம். சிகதேலாவின் தென்கோடியில் உள்ள லா புன்ட்டாவில் அலை இடப்பக்கமாக நீளமாக ஓடும், சிகதேலாவை விட மென்மையானது. ஆனால் பாறையும் கூட்டமும் உண்டு. மகன் இரண்டு நாள் கரிசலியோவில் பழகி, ஆசிரியர் சரி என்ற பிறகு அவரோடு அங்கே போகட்டும். கோவளத்தில் நான்கு நாள் என்பது நல்ல தொடக்கம், பலகையில் எழுந்து நிற்கும் பழக்கம் உடம்பில் இருக்கும். ஆனாலும் புதுக் கடலில் அவன் முதல்நாள் மாணவன்தான். இதை அவனிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: தண்ணீருக்குள் என் குழந்தையோடு நிற்பது யார், அவர் கையில் அப்போது எத்தனை பேர்? மகளுக்குத் தனியாக ஒருவர் வேண்டும். வகுப்பு காலை 7 மணிக்கே இருக்கட்டும். பொழுது ஏறினால் கடற்காற்று எழுந்து அலையைக் குலைத்துவிடும், வெயிலும் தாங்காது. சன்ஸ்கிரீன் மட்டும் போதாது, முழுக்கைச் சட்டை போட்டு இறக்குங்கள்.

அம்மாவுக்குக் கரிசலியோ ஒத்துவராது. இறங்க 150-க்கு மேற்பட்ட படிகள், திரும்ப ஏறவும் அதே படிகள். அவருக்குப் புவெர்ட்டோ ஆங்கெலிட்டோவும் அதை ஒட்டிய மன்சானீயோவும் நல்லது. தண்ணீர் அடங்கியிருக்கும், ஓலைக் கூரையின் நிழலில் நாற்காலி கிடைக்கும், கண்ணெதிரே குழந்தைகள் விளையாடலாம்.

சாப்பாட்டில் கவனம் தேவை, பயம் தேவையில்லை. ‘சின் கார்னே’ (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வந்து நிற்கக்கூடும். ‘நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காடோ, நி மன்டேகா’ என்று தாளில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். இறைச்சி, கோழி, மீன், பன்றிக்கொழுப்பு எதுவும் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். அந்தக் கடைசிச் சொல் முக்கியம், ஏனென்றால் அவரைக்கூழைப் பல வீடுகளில் அந்தக் கொழுப்பில்தான் தாளிக்கிறார்கள். வஹாக்காவின் பெயர்பெற்ற தலயூடா, அப்பளம் போல விரிந்த பெரிய சோள ரொட்டி. அதன் மேல் ‘ஆசியென்டோ’ என்ற பன்றிக்கொழுப்பைத் தடவுவது வழக்கம். ‘சின் ஆசியென்டோ’ என்று சொல்லி, அவரைக்கூழும் கொழுப்பில்லாமல் செய்ததுதானா என்று கேட்டுக்கொண்டு, நூல்நூலாகப் பிரியும் கேசீயோ பாலாடைக்கட்டியோடு வாங்கினால் வயிறு நிறையும். மோலே குழம்பில் கோழிச்சாறு சேரும், அதைத் தவிர்க்கலாம். சந்தையில் சிக்கோசப்போட்டே கேளுங்கள். நம் சப்போட்டாவேதான், மரமும் பெயரும் அந்த நிலத்திலிருந்து வந்தவை. குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், கேன் தண்ணீர் எங்கும் கிடைக்கும்.

போகும் வழி: மெக்சிகோ சிட்டியில் விமானம் மாறிப் போகலாம். குடியேற்றச் சோதனையும் பெட்டி எடுப்பதும் அங்கேயே முடியும் என்பதால் இடையில் மூன்று மணி நேரமாவது வையுங்கள். வஹாக்கா நகரத்தையும் பார்க்க ஆசையிருந்தால், அங்கிருந்து இந்தக் கரைக்கு வர 2024 பிப்ரவரியில் திறந்த 104 கிலோமீட்டர் பர்ராங்கா லார்கா – வென்டனியா சுங்கச்சாலை இருக்கிறது. முன்பு ஆறு மணி நேரத்துக்கு மேல் மலைவளைவுகளில் தலைசுற்றப் போன பயணம், இப்போது ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் முடிகிறது. ஜூலையில் அங்கே கடிகாரம் உங்கள் ஊரை விட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாதான் கணக்கு. நீங்கள் எச்1பி வேலை விசாவில் இருந்து முத்திரை காலாவதியாகியிருந்தால், கையிலுள்ள ஐ-797 ஒப்புதல் கடிதத்தை விசாவாக மெக்சிகோ ஏற்காது. அம்மாவின் விசா பலமுறை நுழைவுக்கானதா என்றும் பாருங்கள். பயணச்சீட்டு வாங்குமுன் மெக்சிகோ தூதரகத்தின் இன்றைய விதியை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஜூலை மழைக்காலம், புயல் பருவமும்கூட. 2022 மே மாதம் அகத்தா புயல் இந்தக் கரையில் புவெர்ட்டோ ஆங்கெல் என்ற ஊருக்கு அருகேதான் கரையேறியது. ரத்து செய்யக்கூடிய அறையும் பயணக் காப்பீடும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். கொசுவுக்கான களிம்பும் எடுத்துக்கொள்ளுங்கள், டெங்கு உண்டு. விடுமுறையைத் தள்ளிப்போட முடியுமானால் டிசம்பர் கடைசி வாரத்தைச் சொல்வேன். மழை இருக்காது, அலை சிறுத்திருக்கும், கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கரையோரம் வரும் காலமும் அதுவே. கூட்டமும் வாடகையும் கூடும் என்பது அதற்கான விலை.

ஜூலையிலேயே போவதானால், ஒரு மாலையை பகோச்சோ கடற்கரைக்கு ஒதுக்குங்கள். நீந்த உகந்த இடமல்ல. ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடும் இடம். சென்னைக் கரையில் முட்டையிடும் அதே பங்குனி ஆமை இனம் இங்கும் வருகிறது. கிழக்கே லா எஸ்கோபியாவில் அவை கூட்டம்கூட்டமாகக் கரையேறும். 1990-இல் மெக்சிகோ தடை போடும்வரை இந்தக் கரையில் அவற்றைக் கொல்வது ஒரு தொழிலாகவே நடந்தது. அன்று எந்த நேரத்தில் விடுகிறார்கள் என்று காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். குஞ்சைக் கையால் தொடாமல், கொடுக்கும் தேங்காய் ஓட்டிலோ சுரைக்குடுவையிலோ ஏந்தி, மணலில் விட வேண்டும் என்று மகளுக்குச் சொல்லி வையுங்கள். தண்ணீருக்குள் நேரே போடக் கூடாது, கடைசிச் சில அடிகளை அது தானே நடக்கட்டும்.