ஆர்க்டிக்கில் கைவிட்ட ரிக் தளம்: டீசல் ஊறிய மண்ணைத் தோண்டுவதா, உழுவதா?

கேள்வி: நான் எட்மன்டனில் ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கனடாவின் பியூஃபோர்ட் கடலோரத்தில், 1970களில் எண்ணெய் தேடித் துளையிட்டு அப்படியே விட்டுப்போன ஒரு தளம் எங்களிடம் வந்திருக்கிறது. கிராவல் (சரளைக்கல்) மேடையில் டீசல் தொட்டிகள் நின்ற பக்கம் சுமார் 2,000 கன மீட்டர் மண் பாழாகிக் கிடக்கிறது. சராசரியாக ஒரு கிலோ மண்ணில் 5,000 மில்லிகிராம் டீசல். மேடைக்கு வெளியே தூந்திராவிலும் (மரமில்லாத பாசி நிலம்) கொஞ்சம் கசிந்திருக்கிறது. எல்லாவற்றையும் தோண்டி, பார்ஜில் ஏற்றித் தெற்கே அனுப்பிவிடலாமா? எண்ணெய் தின்னும் பாக்டீரியா பவுடர் என்று ஒன்று விற்கிறார்களே, வாங்கலாமா? உரம் எவ்வளவு போடுவது?

பதில்: தோண்டி அனுப்பும் யோசனையை முதலில் ஓரமாக வையுங்கள். தெற்கே, ஒரு பழைய பெட்ரோல் பங்க் இடத்தில் என்றால் அது நல்ல வழிதான். உங்கள் தளத்தின் அடியில் இருப்பது நிரந்தர உறைமண். அங்கே அவசரமாக வைக்கும் குழி, டீசலைவிடப் பெரிய சேதத்தைக் கொண்டுவந்துவிடும்.

காரணம் இதுதான். கோடையில் மேல்மண் மட்டும் இளகும். பாசி மூடிய தூந்திராவில் அது அரை மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், கிராவலில் இன்னும் ஆழமாகப் போகும். சிந்திய டீசல் இளகிய மண்ணுக்குள் இறங்கி, உறைந்த பரப்பைத் தொட்டதும் பக்கவாட்டில் பரவுகிறது. விரிசலும் ஈரமில்லாத சரளையும் இருக்கும் இடங்களில் இன்னும் கீழேயும் போய்விடுகிறது. நீங்கள் குழி எடுத்தால், இத்தனை காலம் மூடிக் கிடந்த பனிக்கட்டியில் வெயில் படும். பியூஃபோர்ட் கடலோர மண்ணில் பனிக்கட்டி ஏராளம். அது உருகினால் தரை இறங்கும், தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் வெப்பத்தை இழுத்துச் சுற்றியுள்ள தரையையும் உருக்கும். நீங்கள் போன பிறகும் குழி வருடா வருடம் வளரும். எடுக்காமல் விட்டுப்போன டீசல் அந்தத் தண்ணீரின் மேல் மிதந்து வழியத் தொடங்கும்.

அதோடு, குழியை மூட 2,000 கன மீட்டர் புதுக் கிராவல் வேண்டும். அதற்கு இன்னொரு இடத்தைத் தோண்ட வேண்டும். கடல் வழி திறந்திருப்பதோ கோடையில் சில வாரங்கள்தான்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. தனி எண்ணெயாகவே டீசல் கசிந்து ஏரிக்கோ ஓடைக்கோ போய்க்கொண்டிருந்தால், அந்தச் சிறு பகுதியை மட்டும் குளிர்கால இறுதியில், தரை கல்லாக இறுகியிருக்கும்போது எடுங்கள். நிரப்பும் கிராவல் பக்கத்திலேயே குவிந்திருக்க வேண்டும். குழியை வசந்தத்துக்குத் திறந்து விடக்கூடாது.

சரி, வேலையை எங்கே தொடங்குவது? டீசல் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில். ஒட்டாவாவில் உள்ள தேசிய வான்படக் காப்பகத்தில் பழைய படங்களைக் கேட்டுப் பாருங்கள், தொட்டிகள் எங்கே நின்றன என்று தெரியலாம். இனுவிக், டுக்டோயாக்டுக் ஊர்களில் அந்தக் காலத்தில் ரிக்குகளில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால், போய்ப் பேசுங்கள். எந்தக் குழாய் எங்கே ஒழுகியது என்பது எந்த அறிக்கையிலும் இருக்காது.

சோதனைக் குழிகளை ஆகஸ்ட் கடைசியில் எடுங்கள், மண் அதிகபட்ச ஆழத்துக்கு இளகியிருக்கும் சமயம் அது. குழியின் சுவரை நிதானமாகப் பாருங்கள். மேலே பழுப்புச் சரளை சுத்தமாகவே தெரியும். உறைந்த பரப்புக்குச் சற்று மேலே, சில விரல் தடிமனில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஓடும். பிராணவாயு தீர்ந்துபோன மண் அப்படித்தான் நிறம் மாறும். அதில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டால் வானவில் படலம் விரியும். உங்கள் டீசலில் பெரும்பங்கு அந்தப் பட்டையில்தான் இருக்கும். காற்றில் உள்ள எண்ணெய் ஆவியை அளக்கும், கையில் பிடிக்கும் பிஐடி மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பழைய டீசலில் ஆவியாகும் பகுதி முன்பே போய்விட்டதால் அது குறைத்தே காட்டும்.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்போது இன்னொரு கவனம் தேவை. மக்கிய பாசியும் இலையும் தரும் கரிமப் பொருட்களையும் சோதனை ‘எண்ணெய்’ என்றே எண்ணிவிடும். ஆகவே அவற்றைப் பிரித்தெடுக்கும் சிலிகா ஜெல் சுத்திகரிப்பு செய்துதரச் சொல்லுங்கள், மாதிரியில் உள்ள சேர்மங்களைத் தனித்தனியே காட்டும் குரோமட்டோகிராம் படத்தையும் கேட்டு வாங்குங்கள். டீசல், மூலக்கூறுக்குச் சுமார் 10 முதல் 25 கார்பன் வரை ஒரு மேடாகத் தெரியும். 27, 29, 31 என்று ஒற்றைப்படை கார்பன்களில் தனித்தனி ஊசிகள் நின்றால் அது தாவர மெழுகு. தளத்துக்கு வெகு தள்ளி, டீசலே படாத தூந்திராவிலிருந்தும் மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நல்ல பாசி நிலத்தை வெட்டி எறிந்துவிடக் கூடும், அது திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

துளையிடும் சேற்றைக் கொட்டிய குழியையும் கண்டுபிடித்துத் தனியாக வையுங்கள். அதில் உப்பு, பேரியம், சில நேரம் குரோமியம் இருக்கும். அந்தச் சேறு டீசல் மண்ணோடு கலந்துவிட்டால் நான் கீழே சொல்லும் எதுவும் சரியாக வேலை செய்யாது.

இப்போது உங்கள் 2,000 கன மீட்டருக்கு வருவோம். அதைத் தளத்திலேயே பரப்பி உழுது, காற்றும் மண்ணின் நுண்ணுயிர்களும் டீசலைக் குறைக்க விடுவதுதான் வழி. மேடையின் வறண்ட, தடித்த பகுதியில் மண்ணை 40 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினால் 5,000 சதுர மீட்டர், அதாவது சுமார் ஒன்றேகால் ஏக்கர் போதும். பட்டைப் பகுதியை ஒரேயடியாக வெட்டாமல், இளக இளக மெல்லிய அடுக்காகச் சுரண்டி எடுங்கள். அடியில் எப்போதும் போதுமான கிராவல் தங்கட்டும், அதுதான் பனிக்குப் போர்வை. பரப்பிய இடத்தைச் சுற்றி வரப்பு, வழிநீரைப் பிடிக்க ஒரு சிறு தேக்கம், அனுமதியில் கேட்டிருந்தால் அடியில் விரிப்பு. அப்புறம் கோடை முழுவதும் உழவு, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது.

உழவுதான் இதில் பெரிய வேலை. வட கனடாவில் நுனாவுட்டின் ரெசொல்யூஷன் தீவில் நடந்த சோதனைப் பாத்திகளில், உரமே போடாமல் உழுததிலும் டீசல் கணிசமாகக் குறைந்தது. உரமும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. குறைவதில் ஒரு பங்கு காற்றில் ஆவியாகிப் போவதுதான். அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். கனடாவின் அளவீட்டில் எஃப்2 என்னும் 10 முதல் 16 கார்பன் பகுதி சீக்கிரம் இறங்கும், அதைவிடக் கனமான எஃப்3 பகுதி பிடிவாதமாக நிற்கும். நுண்ணுயிர்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்று அறிய, டீசலில் உள்ள இரண்டு சேர்மங்களான 17 கார்பன் ஆல்கேனுக்கும் (நேர்ச் சங்கிலி) பிரிஸ்டேனுக்கும் (கிளைச் சங்கிலி) உள்ள விகிதத்தைக் கவனியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஆவியாகும், ஆனால் நுண்ணுயிர்கள் முதலாவதை முதலில் தின்னும். விகிதம் சரிந்தால் அவை சாப்பிடுகின்றன என்று பொருள்.

உரத்தில்தான் பலர் கை மீறுகிறார்கள். 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜன் என்ற பாடப்புத்தகக் கணக்கில் போனால், உங்கள் மண்ணுக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் வரும். அலாஸ்காவின் பேரோ (இப்போதைய பெயர் உட்கியாக்விக்) ஊர் மண்ணில் செய்த ஆய்வில், கிலோவுக்கு 100 மில்லிகிராம் நைட்ரஜனும் 50 மில்லிகிராம் பாஸ்பரசும் நுண்ணுயிர்களை நன்றாகத் தூண்டின. அதற்கு மேல் போட்டது அவற்றை அடக்கியது. சரளை மண்ணில் ஈரம் 5 சதவீதம் என்று வையுங்கள். 100 மில்லிகிராம் நைட்ரஜனும் அந்தச் சொற்ப நீரில் கரையும்போது, ஒரு கிலோ நீரில் 2,000 மில்லிகிராம் ஆகிறது. அது உப்புக் கரைசல் மாதிரி, நுண்ணுயிரின் உடலிலிருந்தே நீரை இழுத்துவிடும்.

ஆகவே ஒரு டன் மண்ணுக்கு 250 கிராம் டிஏபி (டை-அமோனியம் பாஸ்பேட்), 120 கிராம் யூரியா. உங்கள் மண் சுமார் 3,600 டன் இருக்கும். மொத்தத்தில் 900 கிலோ டிஏபி, 430 கிலோ யூரியா. அவ்வளவுதான். அடுத்த கோடையில் மண்ணில் மிச்சம் எவ்வளவு என்று அளந்த பிறகே மறுபடி போடுங்கள். காற்றில் மண் காய்ந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.

பாக்டீரியா பவுடர் வேண்டாம். பல பத்தாண்டுகளாக டீசல் கிடந்த மண்ணில் ரோடோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற குளிர் தாங்கும் உயிர்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவற்றுக்குக் குறைச்சல் காற்றும் சத்தும் சூடும்தான். வெளியிலிருந்து வருபவை பெரும்பாலும் அந்த இடத்தில் நிலைப்பதில்லை. அந்தப் பணத்தில் கூடுதலாகச் சில வாரம் டிராக்டரும் ஓட்டுநரும் வைத்துக்கொள்ளலாம்.

மேடைக்கு வெளியே கசிந்த தூந்திராவில் மண்வெட்டியே படக்கூடாது. பாசியை வெட்டினால் பனிக்கு இருக்கும் மூடி போய்விடும். எண்ணெய் மிதக்கும் பள்ளங்களில் உறிஞ்சும் பட்டைகளைப் போட்டு எடுங்கள், நடக்கப் பலகை விரியுங்கள். மீதியை அளந்து கண்காணித்தால் போதும். உரம் போட்டால் பாசி பின்வாங்கிப் புல் ஏறிவிடும், அதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, இரண்டு முதல் நான்கு கோடை வரை திட்டமிடுங்கள். எந்திரங்களைத் தரை இறுகி, பனி போதிய தடிமனில் விழுந்த பிறகே உள்ளே கொண்டுபோங்கள். ஈரத் தூந்திராவில் டிராக்டர் ஒருமுறை போன தடம் பல வருடம் மறையாது. இனுவியலுயிட் நீர் வாரியத்தின் உரிமம், நிலம் அந்தப் பகுதிப் பழங்குடியினரான இனுவியலுயிட் மக்களுடையது என்றால் அவர்களின் நில நிர்வாகத்தின் அனுமதி, இரண்டுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். அனுமதி தாமதமானால் உங்கள் கையை விட்டுப்போவது ஒரு முழுக் கோடை.