கலர் விலகிய தாளும் ஒரு ஸ்பைடர்மேன் படமும்

கேள்வி: சூப்பர் ஹீரோ படங்கள் எல்லாம் சலித்துப்போன நேரத்தில், 2018இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்-வேர்ஸ்’ மட்டும் ஏன் இவ்வளவு புதுசாக, பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது? அனிமேஷன் என்பதாலா?

அனிமேஷன் என்பதால் மட்டும் இல்லை. அரைமணி நேரத்தில் கொட்டாவி விடவைத்த அனிமேஷன் சூப்பர் ஹீரோ படங்களையும் நான் பார்த்திருக்கிறேன். இந்தப் படம் தான் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வெட்கப்படவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் விஷயம்.

ஸ்பைடர்மேன் பிறந்தது 1962இல், 12 சதத்துக்கு விற்ற ஒரு மலிவுத் தாள் கொமிக்ஸில். நடிகர்களை வைத்து எடுக்கும் படங்கள் அந்தப் பிறப்பை மறைக்கப் படாத பாடு படுகின்றன. உடுப்பு எந்தத் துணியில் தைத்தது, வலை எந்த இரசாயனம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம். போதாததற்கு நிறத்தையும் மங்கலாக்கி, ‘இது நிஜத்தில் நடக்கக்கூடியதுதான், தயவுசெய்து நம்புங்கள்’ என்று கெஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டரை மணி நேரம் ஒருவர் கெஞ்சினால் யாருக்குத்தான் அலுக்காது?

இந்தப் படம் தொடங்கும்போதே திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். நான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான். மட்டக்களப்பு டவுனில் ஓர் ஓப்செட் அச்சகத்தில் எனக்கு வேலை. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவு மலர் என்று நாள் முழுக்கப் புள்ளிகளோடுதான் சீவியம். அச்சில் வரும் எந்தப் படத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளிகள்தான். பெரிய புள்ளி நெருங்கினால் கடும் நிறம், சின்னப் புள்ளி விலகினால் இளநிறம். பழைய கொமிக்ஸ் புத்தகங்களில் அந்தப் புள்ளி வெறுங்கண்ணுக்கே தெரியும். படத்தை எடுத்தவர்கள் அதையே எடுத்து படத்தின் நாயகப் பொடியன் மைல்ஸ் மொராலஸின் கன்னத்தில், அவன் வாழும் நியூயோர்க் புரூக்ளின் சுவர்களில், இருட்டில், வெளிச்சத்தில் எல்லாம் தூவிவிட்டிருக்கிறார்கள்.

அதைவிட ஒரு படி மேலே போய் இன்னொன்று செய்திருக்கிறார்கள். நாலு கலர் அச்சில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிளேட். நாலும் ஒன்றின்மேல் ஒன்று அச்சொட்டாக விழ வேண்டும். தாள் கொஞ்சம் நகர்ந்தால் போதும், மெஜந்தா வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். மணப்பெண்ணுக்கு இரண்டு சோடி உதடு முளைத்துவிடும். ‘ரெஜிஸ்டர் போச்சு’ என்று அந்தத் தாளைக் கழித்து ஒதுக்கிவிடுவோம். சாதாரணப் படத்தில் கமரா ஒருவரின் முகத்தைக் காட்டும்போது பின்னால் இருப்பது மங்கலாகும், லென்ஸின் குணம் அது. இந்தப் படத்தில் பின்னால் இருப்பது மங்கலாகவில்லை, ரெஜிஸ்டர் போகிறது! தூரத்துக் கட்டடத்தின் ஓரத்தில் சிவப்பு ஒருபக்கம், நீலம் மறுபக்கம் விலகி நிற்கிறது. நாங்கள் குப்பையில் போடும் பிழையை எடுத்து, தூரத்தைக் காட்டும் ஒரு முறையாக ஆக்கிவிட்டார்கள். முதல்முறை பார்க்கும் சிலருக்கு, முப்பரிமாணக் கண்ணாடி போடாமல் பார்க்கிறோமோ என்று சந்தேகம் வரும். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

1995இல் முழுக்கக் கணினியில் செய்த முதல் முழுநீளப் படம் வந்த நாளிலிருந்து, இந்தத் தொழிலில் பெரிய போட்டியே நிஜத்தைத் தொடுவதுதான். தலைமயிர் ஒவ்வொன்றாக அசைகிறதா, தண்ணீர் தண்ணீர் மாதிரி இருக்கிறதா என்று. அந்த ஓட்டத்தில் இருந்து விலகி, கணினிக்குள் செய்த உருவங்களின்மேல் மனிதக் கையால் கோடு போட்டார்கள். புருவத்துச் சுருக்கம், சிரிப்பின் ஓரத்துக் கோடு எல்லாம் கொமிக்ஸ் ஓவியன் பேனா வைத்த மாதிரி. 140க்கு மேற்பட்ட அனிமேட்டர்கள் வேலை செய்திருக்கிறார்கள். ஒரு விநாடி ஓடும் காட்சிக்கு ஒரு வாரம் பிடித்ததாகச் சொல்கிறார்கள். திரையில் அந்த உழைப்பு களைப்பாகத் தெரியவில்லை, விளையாட்டாகத் தெரிகிறது.

அசைவுக்கு வருவோம். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படம். அனிமேஷனில் 24க்கும் தனித்தனி நிலை கொடுத்தால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஒரே நிலையை இரண்டு படத்துக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12தான். கொஞ்சம் வெட்டி வெட்டி ஓடும். கையால் வரைந்த காலத்தில் செலவைக் குறைக்கச் செய்த வேலை இது. இந்தப் படத்தில் அதையே கதை சொல்லப் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுகூடத்தில் இருந்து தப்பி, காட்டுக்குள் மரம் மரமாக வலைவிட்டுத் தாவும் காட்சி இருக்கிறதே, அதில் ஏற்கெனவே ஸ்பைடர்மேனாகப் பழக்கப்பட்ட பீற்றர் விநாடிக்கு 24இல் அசைகிறார். பக்கத்தில் தட்டுத்தடுமாறும் மைல்ஸ் 12இல். ஒரே சட்டகத்துக்குள் இரண்டு வேகம். ‘இவனுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை’ என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை, உடம்பு சொல்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அவன் பழகப் பழக அந்த வெட்டும் குறைந்து, அவனும் வழுக்கி ஓடத் தொடங்குகிறான். காரணம் தெரியாவிட்டாலும் பார்க்கிற நமக்கு நெஞ்சு லேசாகிறது. கேள்வியில் கேட்ட சந்தோஷத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பேன். பலசாலி ஒருவன் அடிப்பதைப் பார்ப்பதைவிட, தெரியாத ஒருவன் கற்றுக்கொள்வதைப் பார்ப்பது எப்போதுமே சுகம்.

அதே ஓட்டத்தில் மைல்ஸ், நடுவில் ஓட்டை உள்ள பணிஸ் ஒன்றைத் தூக்கித் துரத்தி வருபவரின் தலையில் எறிவான். அடி விழுந்ததும் ‘பேகல்!’ என்று அந்தப் பணிஸின் பெயரே திரையில் எழுத்தாக வந்து மறையும். கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும் பகிடி. என் மருமகன், “மாமா, மறுகா ஒருக்கா அந்தப் பணிஸ் எறியிற இடத்தப் போடுங்க” என்று கேட்டுக்கேட்டே மடிக்கணினி சூடாகிவிட்டது. கதை என்ன, வில்லன் யார் என்பதெல்லாம் அவனுக்கு இரண்டாம் பட்சம். “சோக்கா இருக்கு மாமா” என்பதுதான் அவனுடைய விமர்சனம். அதற்குமேல் விமர்சனம் எழுத நான் மெனக்கெடுகிறேன்.

கதை பழசு என்ற குறையும் சிலருக்கு உண்டு. சிலந்தி கடிக்கிறது, பலம் வருகிறது, வேண்டிய ஒருவர் சாகிறார். உண்மைதான், எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. படுவான்கரைக் கிராமங்களில், மகாபாரதக் கதையை ஆடும் ஒரு வடமோடிக் கூத்து என்றால் கர்ணன் சாகப்போகிறான் என்பது குழந்தைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் விடியவிடியப் பாயில் இருக்கிறோம். வட்டமான ஆடுகளமான வட்டக்களரியின் நடுவில், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு எல்லோரும் பார்க்கவே நிற்பார். கொப்பி பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுப்பவரும் ஒளிந்திருப்பதில்லை. கூடைபோல் விரிந்த கரப்புடுப்புக் கட்டி, முடி தரித்து ஆடுகிற ராசா, நிஜ ராசா மாதிரி நடக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் களரிக்குள் நுழையும் வரவில் எப்படிச் சுற்றினார், தாளம் தப்பினாரா என்பதுதான் பேச்சு. மறைக்க எதுவுமில்லாத அந்த ஆட்டத்தில், தெரிந்த சாவுக்கும் நமக்குக் கண் கலங்குகிறது. இந்தப் படத்திலும் வேறு வேறு உலகங்களில் இருந்து வந்து சேரும் ஒவ்வொரு சிலந்தி மனிதரும், ‘சரி, இன்னொருமுறை சொல்கிறேன்’ என்று தன் பெயர், ஊர், கடித்த சிலந்தி எல்லாம் மளமளவென்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கூத்தில் பாத்திரம் வந்து தன்னை அறிமுகப்படுத்துகிற அச்சு அசல் வரவுப் பாட்டு! திரும்பத் திரும்பச் சொல்கிறோமே என்று படம் கூச்சப்படவில்லை, அதையே பகிடியாக்கிவிட்டது.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எங்கள் கூத்தை எடுத்து மேடைக்காகச் சுருக்கியபோது, விடியவிடிய ஆடுவது சில மணி நேரத்துக்குள் வந்தது. தெரிந்த கதைக்கு அந்த இறுக்கம் நல்லதுதான் செய்தது. இந்தப் படமும் பழைய கதையை நிமிடக்கணக்கில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தைப் புதுப் பொடியனுக்குக் கொடுக்கிறது. மொத்தம் இரண்டு மணி நேரம்கூட இல்லை, 117 நிமிடம்.

அந்தப் பொடியனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் அரைகுறை. மைல்ஸ் கொமிக்ஸில் வந்ததே 2011இல்தான். எழுதியவர் பிரையன் மைக்கல் பெண்டிஸ், வரைந்தவர் சாரா பிச்செல்லி. கறுப்பினத்துப் பொலிஸ்காரத் தகப்பன், புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த தாதித் தாய். வீட்டில் சத்தம், பாசம், இரண்டு மொழி. தகப்பன் பாடசாலை வாசலில் பொலிஸ் வாகனத்தை நிறுத்தி, ஒலிபெருக்கியிலேயே ‘ஐ லவ் யூ’ சொல்லவைத்து மகனின் மானத்தை வாங்குவார். பதினைந்து வயதில் நானாக இருந்தால் வேறு பாடசாலைக்கு மாற்றம் கேட்டிருப்பேன். இன்னும் படம் பார்க்காதவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிவிடுங்கள்.

வீட்டில் ஒரு சாவு நடந்த பிறகு, அதே தகப்பன் விடுதி அறைக் கதவுக்கு வெளியே நின்று பேசுவார். உள்ளே மைல்ஸ் கதிரையோடு வலையால் கட்டுண்டு, வாயும் அடைபட்டு இருக்கிறான். பதில் சொல்ல முடியாது. மகன் கோபத்தில் பேசாமல் இருக்கிறான் என்று தகப்பன் நினைக்கிறார், நினைத்தும் பேசுகிறார். சண்டை இல்லை, வெடிப்பு இல்லை, ஒரு கதவுதான். அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய பாய்ச்சல். கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்து மைல்ஸ் குதிக்கிறான். பயத்தில் ஒட்டிக்கொண்ட விரல்கள் விடவில்லை, கண்ணாடி உடைந்து அவனோடே வருகிறது. கமரா தலைகீழாகப் பிடித்திருப்பதால், விழுகிறவன் நகரத்தை நோக்கி மேலே எழும்புகிற மாதிரி தெரியும். நடிகரை வைத்து இதை எடுத்திருந்தால் அவர் பச்சைத் திரைக்கு முன்னால் தொங்குகிறார் என்று மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். இங்கே எல்லாமே வரைந்தது. ஆகவே மனதுக்குச் சண்டை போட ஒன்றும் இல்லை.

விருது விவரம் கேட்பவர்களுக்கு: 2019இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் கிடைத்தது. பொப் பெர்சிக்கெட்டி, பீற்றர் ராம்சி, ரொட்னி ரொத்மன் மூவரும் இயக்கினார்கள். செலவு 9 கோடி டொலர் அளவில். பெரிய நடிகர்களை வைத்து எடுக்கும் சூப்பர் ஹீரோ படத்தின் செலவோடு பார்த்தால் இது பாதிக்கும் குறைவு. ஸ்பைடர்மேனை உருவாக்கிய ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ இருவருமே 2018இல்தான் காலமானார்கள். படம் அவர்களுக்கே சமர்ப்பணம். ஸ்டான் லீ ஒரு கடைக்காரராக வந்து மைல்ஸுக்கு ஸ்பைடர்மேன் உடுப்பு விற்பார். ‘அளவு சரிவருமா?’ என்றால், கடைசியில் எல்லாம் சரிவரும் என்று உருக்கமாகச் சொல்வார். உடனே கமரா நகர்ந்து ‘விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்ற அறிவித்தலைக் காட்டும். உருக வைத்துவிட்டுப் பகிடி விடுவது, பகிடி விட்டுவிட்டு உருக வைப்பது, இந்தப் படத்துக்குக் கைவந்த கலை.

2023இல் வந்த இரண்டாம் பாகம் எப்படி என்று கேட்பீர்கள். ஓவியமாகப் பார்த்தால் அது இன்னும் பெரிய வேலை. சிலந்திப் பெண் க்வென்னின் உலகம் முழுக்க நீர்வர்ணம். அவளுடைய மனநிலைக்கேற்பச் சுவரின் நிறமே வழிந்து மாறும். ஆனால் 140 நிமிடம் ஓடி, கதையைப் பாதியில் அறுத்துவிட்டுப் போகிறது. பிரமித்தேன், மருமகன் அளவுக்குச் சிரிக்கவில்லை. அதைச் செய்யும்போது வேலைப்பளு தாங்காமல் சுமார் நூறு கலைஞர்கள் இடையில் விலகினார்கள் என்று அந்த ஆண்டே செய்தி வந்தது. அதைப் படித்த பிறகு அந்த அழகை முன்புபோல் ரசிக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் தேர்தல் காலத்து இரவு வேலை செய்தவனுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

முதல் பாகத்தை இனிப் பார்க்கப்போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். புதிய டீவிகளில் படத்தை வழுவழுப்பாக்க, இல்லாத சட்டகங்களை நடுவில் தானாகவே செருகும் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு கொம்பனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். ரிமோட்டில் பிக்சர் செட்டிங்குக்குள் போனால் ‘மோஷன்’ என்று தொடங்குகிற ஏதோ ஒன்றாக இருக்கும். அது ஓடிக்கொண்டிருந்தால் காட்டுக் காட்சியில் மைல்ஸின் தடுமாற்றத்தை டீவியே திருத்திவிடும். 12க்கும் 24க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். நிறுத்திவிட்டுப் பாருங்கள். திரை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, புள்ளி தெரிய வேண்டுமல்லவா.