வாசகர் கேள்வி: கேலி செய்த கருவியே பிடித்துப்போவது ஏன்?

கேள்வி: சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறிய என் நண்பர், உள்ளே திரவம் நிரப்பிய ஒரு மென்குப்பி பொருத்திய ‘ஸ்குவாங்க்’ வகை மின்சிகரெட்டை முதலில் கேலி செய்தார், இப்போது அதைக் கீழே வைப்பதில்லை. அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: மின்சிகரெட்டில் பஞ்சில் ஊறிய திரவம்தான் சூடாகி ஆவியாகிறது. சொட்டுவகைக் கருவிகளில் சுவை அழுத்தமாக இருக்கும்; ஆனால் சில இழுப்புகளுக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிப் பஞ்சில் திரவத்தைச் சொட்டவிட வேண்டும். ஸ்குவாங்க் கருவியிலோ, சிலிக்கோன் குப்பியை விரலால் அழுத்தினால், துளையிட்ட ஆணி வழியே திரவம் மேலேறிப் பஞ்சை நனைக்கிறது. விரலை எடுத்ததும், மைபேனாவின் ரப்பர் குழாய் மையை உறிஞ்சுவது போல, மிகுதி பெருமளவு குப்பிக்கே திரும்பிவிடுகிறது. எவ்வளவு அழுத்துவது என்பது கைக்குப் பழகும்வரை காற்றுத்துளை வழியே ஒழுகும் என்பதால், தொடக்க ஐயம் நியாயமானதே. (கேலி செய்வோரில் பலர் சட்டைப்பையை நனைத்துக்கொண்டவர்களாகத்தான் இருப்பார்கள்.)

என் தயக்கம் வேறு. மின்னணுப் பாதுகாப்புச் சுற்று இல்லாத இயந்திர வகைகளில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் மின்கலம் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். ஆகவே உங்கள் நண்பருடையது எவ்வகை என்று முதலில் கேளுங்கள். சுவை கூடியதால் நிகோடினின் அடிமைத்தனம் குறைந்துவிடுவதில்லை. நீங்கள் புகைக்காதவரானால், ஆர்வத்துக்காகக்கூட அதைத் தொட வேண்டியதில்லை.