காரைக்குடி கல்யாணம்: சர்பத்தில் ஊறிப்போகும் பேப்பர் ஸ்ட்ரா

கல்யாணத்தில் சர்பத்துக்கும் இளநீருக்கும் வைக்கிற பேப்பர் ஸ்ட்ரா ஊறிப்போகுதே, பதிலா பப்பாளிக் காம்பை ஸ்ட்ராவா வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. நன்னாரி சர்பத்துக்கு ஸ்ட்ராவே வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் போதும். செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் டம்ளருக்கா பஞ்சம்? இளநீருக்கு மட்டும் பேப்பர் ஸ்ட்ரா வையுங்க.

முன்கூட்டியே போட்டு வரிசையா அடுக்கி வைக்கிறதாலதான் பெரும்பாலும் ஊறும். கையில் கொடுக்கும்போது போடச் சொல்லுங்க. மொத்தமா வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணைத் தண்ணியில் அரை மணி நேரம் நிறுத்திப் பாருங்க. ஒட்டு பிரிஞ்சா அந்தச் சரக்கு வேண்டாம்.

நீங்க கேட்ட பப்பாளிக் காம்பு வீட்டுக்குச் சரி. பால் வடியும், சிலருக்கு அரிக்கும். கல்யாணக் கூட்டத்துக்கு ஆகாது.

அவசரத்துக்குப் பேப்பர் கப் பக்கம் போயிடாதீங்க. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருந்தா, 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவோடு அதுவும் தமிழ்நாட்டில் தடைதான். உறிஞ்சிக் குடிக்க வேண்டிய, உடம்பு முடியாத பெரியவங்களுக்குச் சிலிக்கான் ஸ்ட்ரா தனியா எடுத்து வையுங்க.